பாடு ஊருக்கு, படகு யாருக்கு?

கேள்வி: வயது 48. பழவேற்காடு ஏரியில் படகு, வலை, ‘பாடு’ எனும் மீன்பிடி இடச் சுற்றில் முறை எல்லாம் உண்டு. ஒரு மகன், இரண்டு மகள்கள். உயிலுக்கு இப்போதே என்ன அவசரம்?

பதில்: காற்றைப் பார்த்துப் படகு எடுக்கிறவர் கேட்கிற கேள்வியா இது! பாடு முறையை உயிலில் எழுதிவைக்க முடியாது. அது ஊர் உரிமை, தலைக்கட்டு, அதாவது குடும்பக் கணக்கில் சீட்டுப் போட்டு வருவது. படகு, இன்ஜின், வலை, வீடு, சேமிப்பை எழுதலாம். எழுதாவிட்டால், இந்துக் குடும்பத்தில் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், இருந்தால் உங்கள் அம்மா, எல்லாருக்கும் சமபங்கு. படகை ஐந்தாக வெட்டினால் எந்தத் துண்டு மிதக்கும்? உயிலுக்கு வெள்ளைத்தாளே போதும், இரண்டு சாட்சிகள் கட்டாயம். படகு மகனுக்கு என்றால், மகள்களுக்கு ஈடாக என்ன என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இன்ஜின் கடன் பாக்கியை யார் அடைப்பது என்பதையும்தான்.