ஆதோஸ் மலையில் மணி பன்னிரண்டு

வட கிரேக்கத்தின் கால்கிடிகிப் பகுதியிலிருந்து ஏஜியன் கடலுக்குள் நீளும் மூன்று தீபகற்பங்களுள் கிழக்கே அமைந்தது ஆதோஸ். 20 மடங்களில் வாழும் கிறித்தவத் துறவிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கே உரியதாக வைத்திருக்கும் இத்தன்னாட்சி நிலத்தின் தென்கோடியில் 2,033 மீட்டர் உயரச் சிகரம் ஒன்று கடலோரத்திலிருந்தே நிமிர்ந்து நிற்கிறது. உலகின் பல மலைகளில் உயரத்தின் பெரும்பகுதியைப் பேருந்தே ஏறிக் கொடுத்துவிட, மிச்சத்தை நடந்தவர் முழு மலையையும் வென்றதாகப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆதோஸிலோ, அகியா அன்னா என்னும் துறவியர் குடியிருப்பின் படகுத்துறையில் இறங்குபவர் பூஜ்ஜியத்தில் நிற்கிறார். அவருக்கு ஒரு மீட்டர்கூடத் தள்ளுபடி கிடையாது.

இறங்குவதற்கே முதலில் தியாமோனிதிரியோன் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். மரபுவழிக் கிறித்தவர் அல்லாதோருக்கு அது நாளொன்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே கிடைக்கும். பெண்களுக்கு அறவே கிடைக்காது. மீறி நுழையும் பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் 1953 முதல் நடப்பில் உள்ளது. இந்நிலம் முழுவதும் மரியன்னையின் தோட்டம் என்பது துறவியரின் நம்பிக்கை. தோட்டத்துக்கு உரியவர் பெண், உள்ளே வரக் கூடாதவர்களும் பெண்கள் என்ற இந்த ஏற்பாட்டின் நியாயம், கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளி மிதக்கும் சுற்றுலாப் படகுகளில் அமர்ந்து பார்ப்போருக்கு விளங்குவதாகத் தெரியவில்லை. விலங்குகளிலும் பெட்டைக்குத் தடை உண்டு என்றாலும் பூனைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள். காரணம் எலி. எந்தச் சாத்திரமும் சமையலறை வாசலில் சற்றே குனிந்துதான் போகிறது.

பாதையின் பெயர் கல்தெரிமி. கோவேறு கழுதைகள் வழுக்காமல் ஏறுவதற்காகக் கல் பாவிய பழம்பாதை என்று பொருள்படும் இதில், படகுத்துறையிலிருந்தே படிகள் தொடங்கி, கீழே நீலக்கடல் சுருங்கச் சுருங்க மேலே மூச்சும் சுருங்குகிறது. இறக்குமதிக் காலணியும் மடக்குக் கைத்தடிகளுமாக வரும் பயணி பாறையோடு பாறையாக ஒட்டி வழிவிட, சிமெண்டு மூட்டை சுமந்த கோவேறு கழுதை ஒன்று பெருமூச்சுகூட விடாமல் அவரைக் கடந்து செல்வது இங்கே காணக்கூடிய காட்சியே. ஏறத்தாழ 1,500 மீட்டரில் பனாகியா என்னும் சிறு தேவாலயமும் தங்குமிடமும் உண்டு; அதற்கு மேல் மரம் இல்லை, நிழல் இல்லை, வெறும் கல்.

ஆயினும் பயணியை உண்மையில் வீழ்த்துவது செங்குத்து அன்று, கடிகாரம். பெரும்பாலான மடங்களில் பைசாந்திய நேரம் வழங்குகிறது; அதாவது சூரியன் மறையும் கணமே பன்னிரண்டு மணி, அங்கிருந்துதான் புதிய நாள். ஜூன் மாதத்தில் சூரியன் இரவு ஒன்பதை ஒட்டி மறைவதால், ஏழு மணிக்கு வழிபாடு என்று கேட்டு நிம்மதியாக உறங்கியவர், அது தம் கைக்கடிகாரத்தில் அதிகாலை நான்கு என்பதை, செமாந்திரோன் என்னும் நீண்ட மரப்பலகையைத் துறவி ஒருவர் சுத்தியால் தட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றும் ஓசையில் அறிந்துகொள்கிறார். தேதியும் கைகொடுக்காது. ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. சிகரத்துக் கோயிலில் ஆகஸ்டு 6ஆம் நாள் விழா என்று படித்துவிட்டு அந்தத் தேதியில் ஏறிச் செல்பவரை ஓர் இரும்புச் சிலுவையும் காற்றும் மட்டுமே வரவேற்கும், ஏனெனில் வெளியுலகுக்கு அவ்விழா ஆகஸ்டு 19.

உணவுக்கூடத்தில் புனிதர் வரலாறு உரக்க வாசிக்கப்படும் வரையில்தான் சாப்பாடு. தலைமைத் துறவியின் மணி ஒலித்ததும் எல்லாரும் எழுந்துவிட, பாதி உரித்த ஆரஞ்சுப்பழம் உரித்தவரின் விதியாகிவிடுகிறது. விருந்தினரை வரவேற்கும் முறை மட்டும் குறை சொல்ல முடியாதது: குளிர்ந்த நீர், காப்பி, சிறு கிண்ணத்தில் சாராயம், லுகூமி என்னும் சர்க்கரைத் தூள் புரட்டிய மென்மையான இனிப்புத் துண்டு. மூச்சிரைக்க வந்தவர் அதை வாயருகே கொண்டுபோனதும் தூள் முழுவதும் மூக்கில் ஏற, ஆயிரம் ஆண்டு மௌனத்தில் ஒரு தும்மல் எதிரொலிக்கிறது.

இம்மலையை முறையாக மதிப்பிட்டவர் பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸ். கி.மு. 492இல் பாரசீகக் கப்பற்படை இம்முனையில் புயலில் சிதைந்ததை மறவாத அவர், கி.மு. 480 படையெடுப்புக்காகத் தீபகற்பத்தின் கழுத்தையே வெட்டிக் கால்வாய் அமைத்தார். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதனை வீண் பெருமை என்று கருதினார். அகியா அன்னாவின் படிகளை ஆகஸ்டு வெயிலில் ஏறிய எவரும் அக்கருத்தை ஏற்பது கடினம்.

அப்படியும் ஏறியே தீருவது என்று துணிந்தவர்கள் அனுமதிக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அரைக்கால் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தண்ணீரை நினைத்ததைவிட இருமடங்கு சுமக்க வேண்டும். முக்கியமாக, மறையும் சூரியனைப் படம் பிடிக்க வழியில் நிற்கக் கூடாது. மடங்களின் வாயிற்கதவுகள் அந்நேரத்தில்தான் சாத்தப்படுகின்றன.