மூழ்கும் கப்பலில் ஔவையார்

எங்கள் கல்லூரி கல்ச்சுரல்ஸில் ‘மிஸ் கல்ச்சுரல்ஸ்’ போட்டிக்கான நோட்டீஸில், “இது அழகுப் போட்டி அல்ல, தலைமைப் பண்புக்கான தேடல்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதன் கீழே பொடி எழுத்தில்: “பட்டுப்புடவை, மேக்கப், ஹீல்ஸ் அவரவர் பொறுப்பு.”

எங்கள் டிபார்ட்மென்டில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஆள் அனுப்பாவிட்டால் ஷீல்டுக்கான புள்ளி போய்விடும் என்று சீனியர் அக்கா ஒருவர் என் பெயரை எழுதிவிட்டார். கேட்டால், “திருச்சிப் பொண்ணு அனுகீர்த்தி வாஸ் காலேஜ்ல படிக்கும்போதே 2018ல மிஸ் இந்தியா ஆகலையா? நீயும் அந்தப் பக்கம்தானடி” என்றார். நான் மணப்பாறை. எங்கள் ஊர்ப் பெருமை அதுவரை முறுக்கோடு நின்றிருந்தது.

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “பிரசன்ட் சார்” சொல்வதுதான் அன்றுவரை நான் ஆற்றிய ஒரே பொதுச் சொற்பொழிவு. அப்படிப்பட்டவள் ஒத்திகைக்கு ஓ.டி. (ஆன் டூட்டி) கேட்டு ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நின்றேன். அண்ணா பல்கலைக்கழகக் கணக்கில் 75 சதவீத அட்டெண்டன்ஸ் தேறாவிட்டால் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான் என்பதால் அந்தக் கையெழுத்துக்கு மகுடத்தைவிட மதிப்பு அதிகம்.

“இதுல என்னம்மா பண்ணுவீங்க?”

“மேடையில நடப்போம் சார்.”

“நடக்கிறதுக்கா ஓ.டி.?”

வாயடைத்துப் போயிருக்க வேண்டும். எங்கிருந்தோ, “ஷீல்டு கிடைச்சா உங்க ரூம்லதான் சார் வைப்போம்” என்று வந்துவிட்டது. பேனா திறந்தது. நோட்டீஸ் தேடிய தலைமைப் பண்பில் பாதியை நான் அங்கேயே செலவழித்துவிட்டேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ராம்ப் வாக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊக்குகளின் தயவில் புடவை என்னுடனேயே வந்தது. அடுத்து கேள்வி-பதில். 1994இல் சுஷ்மிதா சென் தாய்மையைப் பற்றிப் பதில் சொல்லிப் பிரபஞ்ச அழகி ஆனதிலிருந்து, இந்தச் சுற்றில் அம்மா அல்லது அன்னை தெரசா என்றால் மார்க் நிச்சயம் என்றொரு நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார்கள். “அன்னை தெரசா” என்றாள்.

கடைசிச் சுற்று ஷிப்ரெக். கப்பல் மூழ்குகிறது, லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது; சீட்டில் வந்த ஆளாகவே மாறி, அது எனக்குத்தான் வேண்டும் என்று கேப்டனிடம் வாதாட வேண்டும். கேப்டன், நடுவர்தான். ஒருத்திக்கு விண்வெளி வீராங்கனை, இன்னொருத்திக்குப் பரோட்டா மாஸ்டர், எனக்கு ஔவையார்.

நான் தமிழ், அறம் என்று ஆரம்பித்ததும் கேப்டன் குறுக்கிட்டார். “பாட்டி, நீங்க அதியமான் கொடுத்த நெல்லிக்கனி சாப்பிட்டவங்க. உங்களுக்குத்தான் சாவே கிட்ட வராதே, ஜாக்கெட் எதுக்கு?”

அரங்கம் சிரித்தது. கால் லேசாக ஆடியது. ஆனாலும் ஹெச்.ஓ.டி.யைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குக் கேப்டன் எம்மாத்திரம்!

“அதுதான் கேப்டன் பிரச்சினையே. எனக்கு நீச்சல் தெரியாது, சாவும் வராது. ரெண்டாயிரம் வருஷம் தண்ணி குடிச்சுக்கிட்டே கிடக்கணுமே!”

விசில் பறந்தது. நான் பேசி நாலு பேர் சிரித்தது அதுவே முதல்முறை. என்னைப் பார்த்து அல்ல, நான் சொன்னதைக் கேட்டு.

மகுடம் பரோட்டா மாஸ்டருக்குப் போனது. மணி ஒன்றரை, நடுவர்கள் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தத் தீர்ப்பில் நான் குறை காண மாட்டேன். ஷீல்டு மெக்கானிக்கல்காரர்களுக்கு. ஹெச்.ஓ.டி. கொஞ்ச நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் காலி அலமாரியையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு லேப் தேர்வைத் தள்ளிப்போடக் கேட்பதா, “பாட்டியக் கூப்பிடு” என்றார்கள். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் காணோம் என்று வார்டனிடம் சொல்லவும் என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். தனியாகப் போகவில்லை, மகுடம் வாங்கியவளையும் கூட்டிப் போனேன். சாம்பார் மாறவில்லை. ஞாயிறு ராத்திரி மெனுவில் மட்டும் பரோட்டா சேர்ந்தது.