முறை வச்சு ஓடு, பேராண்டி!

வாய்யா பேராண்டி. சென்னைக்குப் போயி ஓட்டக்காரனாயிட்டியாமே? சந்தோஷம். நம்ம வம்சத்துல கடன்காரனக் கண்டு ஓடினவன் உண்டு, வெறிநாய்க்குப் பயந்து ஓடினவனும் உண்டு. காசு கட்டி, நெஞ்சுல நம்பர் குத்திக்கிட்டு ஓடுற மொத ஆளு நீதான்.

ஜனவரி மாரத்தானுக்குன்னு செவுத்துல ஒரு அட்டவணை ஒட்டியிருக்கியே, அதப் பாத்தேன். செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம், வியாழக்கிழமை மேட்டு ஓட்டம், ஞாயித்துக்கிழமை நீள ஓட்டம். கலர் கலரா எழுதியிருக்க. ஒன்றரை வயசுப் பயலுக்குக் காலையில கால் கழுவி விடுறது யாருன்னு மட்டும் அதுல கட்டம் இல்ல. எடம் பத்தாமப் போயிருக்கும்.

விடிகாலை நாலரைக்கு அலாரம் வைக்கிறியாம். நல்ல பழக்கம். அது அடிச்சதும் மொதல்ல பய முழிக்கிறான். ரெண்டாவதா எம் பேத்தி, அதான் உம் பொண்டாட்டி, முழிக்கிறா. நீ அலாரத்த அமுத்திட்டு இன்னும் பத்து நிமிஷம் பொரண்டு படுக்கிற. அப்புறம் எந்திரிச்சு, அவங்க தூக்கம் கெட்டுறக் கூடாதுன்னு சத்தமில்லாமக் கதவச் சாத்திட்டுப் போறியாமே! அந்தப் பெருந்தன்மை உங்க அப்பன்கிட்டகூடக் கெடையாதுய்யா.

திரும்பி வந்து சோபாவுல சாஞ்சுக்கிட்டு வாட்ச்சக் காட்டுற. “முப்பது மணி நேரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுது தாத்தா”ங்கிற. அந்த வாட்ச்ச ஒரு நாளைக்கு அவ கையில கட்டிவிட்டுப் பாரு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பயலத் தோள்ல போட்டு நடக்கிறதையும், சோத்துக் கிண்ணத்தோட வீடு பூராத் தொரத்துறதையும் அது எண்ணட்டும். மறுநாள் வாட்ச்சே லீவு கேக்கும்.

பேப்பர்ல படிச்ச ஒரு கணக்குச் சொல்றேன், கேட்டுக்க. வளந்த ஆளு வாரத்துக்கு 75 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடினாப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதே நிறுவனம் 2019-ல சின்னப் புள்ளைகளுக்கும் கணக்குப் போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு வயசுப் புள்ள ஒரு நாளைக்கே 180 நிமிஷம் ஓடியாடணுமாம். வாரத்துக்கு 21 மணி நேரம் ஆச்சு. சூ இல்ல, அட்டவணை இல்ல, பய பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கான். அவன் பின்னாலயே அவளும் ஓடிக்கிட்டிருக்கா. அந்த வீட்டுல ஓட்டத்துல மூணாவது எடம்தான் உனக்கு.

ஓட வேண்டாம்னு நான் சொல்லல. ஒக்காந்தே சம்பாதிக்கிற ஒடம்பு, ஓடத்தான் வேணும். ஆனா நம்ம கூட்டுக் கெணத்து மொறைத்தண்ணியக் கொஞ்சம் நெனச்சுக்க. பங்காளிக்கு இன்ன நாளுன்னா அன்னிக்கு மட அவன் பக்கம்தான் தெறக்கும். மீறினா மம்பட்டிதான் பஞ்சாயத்துப் பேசும். உங்க வீட்டுக் காலை நேரமும் அப்படித்தான். செவ்வாய், வியாழன் உன் மொற. புதன், வெள்ளி அவ மொற. ஞாயித்துக்கிழமை காலையில நீ எடுத்தா சாயங்காலம் அவளுக்கு. அவ மொறையில அவ ஓடலாம், சினிமாவுக்குப் போகலாம், குப்புறப் படுத்துத் தூங்கலாம். ஏன்னு கேக்க உனக்குப் பாத்தியதை கெடையாது. அவ வெளிய போன பத்தாவது நிமிஷம், “பய ஜட்டி எங்க இருக்கு?”ன்னு போன் போட்டேன்னு வையி, அது திருட்டுத் தண்ணி.

“அவளுக்கு எதுக்கு ஓட்டம்?”னு மட்டும் கேட்டுறாத. ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன்னு ஒரு ஹாலந்துக்காரி, ரெண்டு புள்ளைக்குத் தாயி, 30 வயசுல 1948 லண்டன் ஒலிம்பிக்ல நாலு தங்கம் வாங்கினா. இங்கிலாந்துக்காரி பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில புள்ள பெத்து, அந்த நவம்பர்லயே நியூயார்க் மாரத்தான ஜெயிச்சா. அவங்க ஓடுற நேரத்துல புள்ளைய யாரோ ஒருத்தர் வச்சுக்கிட்டிருந்திருக்கணும்ல? அந்த யாரோவா நீ இருந்து பாரு.

பயலையும் கூட்டிக்கிட்டு ஓடப்போறேன்னு மூணு சக்கரத் தள்ளுவண்டி வெல விசாரிக்கிறியாம். கழுத்து நல்லா நிக்கணும், ஆறு மாசமாவது தாண்டணும். நம்ம பயலுக்கு அதெல்லாம் ஆச்சு. முன்சக்கரத்தப் பூட்டு, வண்டியோட வாரை உன் கையில மாட்டு. ஆனா ஒரே மூச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல புள்ளையக் கட்டிவைக்கக் கூடாதுன்னும் அந்த உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. உன் முப்பது கிலோமீட்டருக்கு அவன இழுக்காத. அப்புறம் உங்க ஊரு நடைபாதை. டிரான்ஸ்பார்மர், பைக்கு, எளநி வண்டி, பள்ளம். மாரத்தானுக்குப் போறவன் தடை தாண்டும் ஓட்டத்துல மெடலோட வருவ. பேசாமப் பூங்காவுல அவன எறக்கிவிட்டு அவன் பின்னால ஓடு. திடீர்னு பாய்வான், நிப்பான், எறும்பு பாக்க ஒக்காருவான், மறுபடி பாய்வான். காசு கட்டி நீ பழகுற இன்டர்வல் பயிற்சிய அவன் ஓசியிலயே குடுப்பான்.

42.195 கிலோமீட்டர் ஓடலன்னா ஓட்டமே இல்லன்னு வீம்பு பண்ணாத. அந்தத் தூரம் வந்த கதை தெரியுமா? 1908 லண்டன் ஒலிம்பிக்ல விண்ட்சர் அரமனையில ஆரம்பிச்சு, ராஜ குடும்பம் ஒக்காந்திருந்த மாடத்துக்கு முன்னால முடியிற மாதிரி வச்சாங்க. அந்த அளவத்தான் 1921-ல சட்டமாக்கினாங்க. ஒரு குடும்பத்துத் தோதுக்கு அமைஞ்ச தூரத்த, உன் குடும்பத்துத் தோதுக்கு ரெண்டு வருஷம் பத்து கிலோமீட்டராக் கொறச்சுக்கிட்டா எந்த ராஜா கேக்கப் போறான்? பய பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் நீ கன்னியாகுமரி வரைக்கும் ஓடு.

நாளைக்கும் ஓடத்தான் போற, தெரியும். போயிட்டு வா. கடைசிக் கிலோமீட்டர மட்டும் ஆவின் பூத் வழியா விடு. ரெண்டு பால் பாக்கெட்டோட வந்து நின்னேன்னா எம் பேத்தி மெடல் தரமாட்டா. காப்பி கெடைக்கும். அந்த டம்ளரையும் நீயே கழுவி வச்சேன்னு வையி, அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஓட விடுவா.