மாமா, தூங்குங்க!

மைன்கிராஃப்ட் உலகத்தில் சேர்ந்து விளையாடும்போது இரவைச் சட்டென்று கடக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் கட்டிலில் படுக்க வேண்டும். இந்த விதி எனக்குத் தெரியாத காலத்தில், மாமல்லபுரத்தில் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் படுத்துக் காத்திருக்க, நான் செங்கல்பட்டில் உட்கார்ந்து ஓர் ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தேன். "மாமா, தூங்குங்க!" என்று ஹெட்போனில் அலறினான். மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் என்னைத் தூங்கச் சொல்ல இவன் யார் என்று எனக்குக் கோபம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. யார் வந்தாலும் விதிமுறைத் தொகுப்பைத் தூக்கிக் கொடுத்து, "படிச்சிட்டு வாங்க" என்பேன். விளையாட்டுக்கும் அப்படித்தான் தயாரானேன். யூடியூப் பார்த்து நீள நோட்டில் குறிப்பெடுத்தேன். மரத்தைக் கையால் குத்தினால் கட்டை, கட்டையிலிருந்து பலகை. மரப் பிக்காசு இருந்தால்தான் கல், கல் பிக்காசு இருந்தால்தான் இரும்பு, இரும்புப் பிக்காசு இருந்தால்தான் வைரம். சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வரி: நேராகக் கீழே தோண்டக் கூடாது. உள்ளே நுழைந்த கையோடு நேராகக் கீழே தோண்டி, எரிகுழம்பில் விழுந்து, கையிலிருந்ததெல்லாம் கருகிப்போனது. நோட்டு மடியில்தான் இருந்தது.

2011 நவம்பரில் இந்த விளையாட்டின் கணினிப் பதிப்பு முழு வடிவில் வந்தபோது, அதற்குள் பயிற்சிப் பாடம் என்று எதுவும் கிடையாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித்தான் பரவியது. எனக்குச் சொன்னவர்கள் எட்டாம் வகுப்பு. பொறுமை கம்மி. விளைந்த கோதுமைக்கு நடுவே குதித்து வயலைப் பாழாக்கினேன். கிராமத்துக்காரன் ஒருவனைத் தவறுதலாக அடித்துவிட, காவலுக்கு நின்ற இரும்புப் பூதம் என்னைத் தூக்கி வீசியது. "நூப் மாமா" என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

கௌரவத்தை மீட்க ஒரு யோசனை வந்தது. பல்லவர்கள் மாமல்லபுரத்து ரதங்களை ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்தவர்கள். நானும் அப்படியே ஒரு குன்றைக் குடைந்து திரௌபதி ரதம் செய்கிறேன் என்று அறிவித்தேன். அசல் ரதம் சுமார் 18 அடி உயரம். விளையாட்டில் ஒரு கட்டியின் அளவு ஒரு மீட்டர். ஆக மொத்தம் ஐந்தாறு கட்டிக்குள் குடிசைக் கூரையின் வளைவைக் கொண்டுவர வேண்டும். என் கூரை படிக்கட்டாக வந்தது. மருமகன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏடிஎம்மா மாமா?" என்றான். பிடாரி ரதமும் வலையன்குட்டை ரதமும் பல்லவர் காலத்திலேயே பாதியில் நின்றவைதான் என்று எடுத்துச் சொன்னேன். அவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன, அவனுக்குத் தெரியாதா? கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

நான் எந்த வகை ஆட்டக்காரன் என்று தேடிப் பார்த்தேன். ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர், 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முதல் பலர்கூடி விளையாட்டு உலகத்தை எழுதிய இருவரில் ஒருவர். இப்படிப்பட்ட உலகங்களுக்கு வருபவர்களை 1996இல் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரை அடிக்க வருபவர். எனக்கு வைரம் கண்ணிலேயே படவில்லை. சுற்றக் கிளம்பினால் திரும்ப வழி தெரியாது. பையன்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. அடி வாங்குபவருக்குப் பார்ட்டில் தனி இனம் வைக்கவில்லை.

கடைசியில் என்னை ஓரம் கட்டுவதற்காக மருமகன் ஒரு வேலை கொடுத்தான். "மாமா, நீங்க எதையும் தோண்டாதீங்க. சுரங்கத்துல டார்ச் மட்டும் வெச்சிட்டு வாங்க." வெளிச்சம் இருக்கும் இடத்தில் பூதங்கள் முளைக்காது. வைத்தேன். மறுநாள் எவனோ ஒருவன், "இந்தப் பக்கம் யாருடா லைட் போட்டது? சூப்பரா இருக்கு" என்றான். அதற்காகவே அடுத்த நாளும் போனேன். டார்ச் வைக்கப் போன இடங்களில்தான் நிலக்கரி எது, இரும்பு எது, சரளைக்குக் கீழே நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்தது. நோட்டைத் தேடவில்லை.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது, பாடத்திட்டம் உண்டு. ஆனால் சாலையோரப் பட்டறையில் பார்த்தால், யானையின் காலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பையனின் கண் பக்கத்தில் பெரியவர் முகம் செதுக்குவதில் இருக்கும். லைபீரியாவின் தையல்காரர்களிடமும் இதே கதைதான் என்று ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் எழுதியிருக்கிறார்: புதிய பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடித்து அடிப்பான்; துணி வெட்டுவது கடைசியில்தான். இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

போன வாரம் இளநிலை உதவியாளராக ஒரு பெண் வந்து சேர்ந்தார். "சார், சின்னதா ஏதாவது வேலை கொடுங்க, செஞ்சு பார்க்கறேன்" என்று அவரே கேட்டார். என் கை தன் பாட்டுக்கு அலமாரிக்குப் போய் விதிமுறைத் தொகுப்பை எடுத்து நீட்டிவிட்டது. அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு பக்கம் புரட்டி, மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த தபால்களின் மேல் வைத்துவிட்டு, தபால்களைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.