குறிஞ்சித் திணையில் பேட்டரி ஒழுக்கம்: ஓர் ஆய்வு

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். கேமரா பேட்டரி உயிரை விடுவதும் இதே பொழுதுகளில்தான். உரையாசிரியர்கள் ஒருவரும் இதைக் கண்டுகொள்ளாததால் இக்கட்டுரை.

ஆய்வுக்களம் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 1968 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். பெரிய தொலைநோக்கிகளின் கேமராச் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிரவைப்பார்கள், படத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு விழாமலிருக்க. ஜமுனாமரத்தூரில் நட்சத்திரம் எடுக்கப்போன இவ்வாய்வாளனின் கேமராவுக்குக் குளிரே ஆகாது. மார்கழி, இரவு ஒன்றரை மணி. பேட்டரி மூன்று கட்டை காட்டியது. முப்பது நொடிப் படம் நாலு எடுப்பதற்குள் சிவப்பாக மினுக்கிவிட்டு அணைந்தது.

செத்துவிடவில்லை. லித்தியம் அயனி பேட்டரிக்குள் அயனிகள் ஒரு கரைசல் வழியே அக்கரை போகவேண்டும். குளிரில் கரைசல் கெட்டிப்பட்டு நடை மந்தமாகிறது, உள்தடை கூடி வோல்டேஜ் சரிகிறது. கேமரா அதைக் ‘காலி’ என்று படித்துவிடுகிறது. பழைய பேட்டரி என்றால் இந்தத் தடை முன்பே அதிகம். என்னுடையதற்கு ஏழு வயது.

கழற்றி வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். நாய் குரைத்த சத்தத்தில் எழுந்து வந்தார் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா.

“இன்னா சார் மடியில, பணமா?”

“பேட்டரிம்மா. குளிர்ல நின்னுடுச்சு.”

“அடுப்பாண்ட வைங்க, சூடாயிடும்.”

அடுப்புக் கொள்கையை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை. அதிகச் சூடு குளிரைவிட மோசம், பேட்டரி ஊதிப்போகும். மடிக் கொள்கையால் கால் மணி நேரத்தில் இன்னும் ஒன்பது படம் தேறியது.

சார்ஜ் ஏற்றுவதில் ஒரு பழைய மரபு உண்டு: சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்பது. அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். பாதியில் ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியையே முழுசு என்று அது பழகிக்கொள்ளுமாம். லித்தியம் அயனியை 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தாயிற்று, 2019-இல் நோபலும் கொடுத்தாயிற்று. பெரியப்பாமார் இன்னும் தீர்த்துத்தான் ஏற்றுகிறார்கள். இந்த ரகத்துக்கு அடியோடு தீர்ப்பதுதான் ஆகாது. பீரோவில் மாதக்கணக்கில் தூங்கப்போகிறது என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். ஊதிய பேட்டரியைக் கேமராவுக்குள் அமுக்காதீர்கள், திரும்ப வராது.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். பேட்டரியும் சார்ஜரும் கூடுவதை விரிவாக எழுத எண்ணியிருந்தேன். ஆனால் சார்ஜர் ஊரில் என் வீட்டு ப்ளக் பாயிண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே இங்கே நிகழ்ந்தது பாலைக்குரிய பிரிதல். திணைமயக்கம் என்று கொள்க. மறுநாள் பாங்கன் வேலையைப் போளூர் செல்போன் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். யுனிவர்சல் சார்ஜரின் முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏறாது சார். பின்னே வேற.”