ஒன்பது வோல்ட் சாக்கு

திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலை அக்ரகாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நான் கிதாரில் ஒரு தந்தியைத் தப்பாகத் தொட்டால், மூன்றாவது வீட்டு மாமி மறுநாள் காந்தளூர் சிவன் கோயில் பிராகாரத்தில் நிறுத்தி, “நேத்திக்கு என்னமோ வாசிச்சயே, கையில அடிபட்டுடுத்தா?” என்று விசாரிப்பாள். பல வருஷமாக என் பதில் ஒன்றுதான்: “கிதார்ல எலக்ட்ரானிக்ஸ் சரியில்லை, மாமி.”

அது பொய்யும் இல்லை. 1984-ல் அத்திம்பேர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கிதார் அது. சும்மாவும் வாசிக்கலாம், ஒயர் செருகி ஆம்ப்ளிஃபயரிலும் வாசிக்கலாம். அதன் விலாவில் மூன்று குமிழ் வைத்த ஒரு ப்ரீஆம்ப் பெட்டி, பெட்டிக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒயரைச் செருகினால்தான் பேட்டரிக்கு வேலை. செருகிய ஒயரைப் பிடுங்க மறந்தால், யாரும் வாசிக்காமலே அது தீர்ந்துபோகும். நான் மறந்தது ஒரு முழு இடவப்பாதி மழைக்காலம். பேட்டரி கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்துவிட்டது. அதற்கப்புறம் ஆம்ப்ளிஃபயரில் அப்பளம் பொரிகிற சத்தம்தான்.

1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து, கிதார் வாங்கிய தமிழன் எவனும் ‘இளைய நிலா’வில் ஆர். சந்திரசேகர் வாசித்ததை ஒருமுறையாவது முயன்று பார்க்காமல் விட்டதில்லை. நானும் விடவில்லை. நாலாவது சுரத்தில் விரல் தடுக்கும். உடனே பெட்டியை ஒரு தட்டு தட்டி, “கேட்டேளா, இதுதான் பிரச்சினை” என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இந்தச் சுகவாழ்வில் மண்ணைப் போட்டவன் என் மருமான். பெங்களூரிலிருந்து நவராத்திரிக்கு வந்தவன், “மாமா, புது பிக்கப்பும் ப்ரீஆம்பும் போட்டுடலாம்” என்று பார்சலோடு நின்றான். சாலைக் கம்போளத்துக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிற சேட்டனிடம் காட்டினேன். பெட்டியைத் திறந்து பார்த்து, “சாரே, இது மியூசியத்தில் கொடுத்தால் மதி” என்றார். ஆக, நாங்களே இறங்கினோம்.

பிக்கப் என்பது வெள்ளைக் குச்சி மாதிரி இருக்கிற ஒரு சங்கதி. தந்திகள் ஏறி உட்கார்ந்திருக்கிற சாடிலுக்கு அடியில் படுக்கும். அழுத்தினால் மின்சாரம் தருகிற பொருள். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த பியஸோ சமாசாரம். அம்மாவிடம், “உன் கேஸ் லைட்டர்ல ‘டிக்’னு பொறி வரதே, அதுவும் இதேதான்” என்றேன். “அப்போ லைட்டர்லயே வாசியேன், தீயாவது பத்தும்” என்றாள் அம்மா.

பிக்கப் புகுந்த அளவுக்குச் சாடிலின் அடியைத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் தந்திகள் உயர்ந்து விரல் புண்ணாகும். கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தேன். முதல் தடவை அடி கோணலாகி, நாலாவது தந்தி கத்தியது, முதல் தந்தி மௌன விரதம். சாடில் சமமாக உட்காராவிட்டால் பிக்கப்பில் அழுத்தம் ஒரே மாதிரி விழாது. இதை மருமான் தேய்த்த பிறகு சொன்னான்.

அடுத்து, கிதாரின் வாய்க்குள் கையை விட்டு, ஒயர் செருகுகிற ஜாக்கை வால்பக்க ஓட்டை வழியே வெளியே தள்ள வேண்டும். கை உள்ளே போனது, வரவில்லை. கொலு பார்க்க வந்த மாமிகள் ஒவ்வொருவராக, முழங்கை வரை கிதாரை மாட்டிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சுண்டல் வாங்கிப் போனார்கள். கடைசியில் தேங்காயெண்ணெய் காப்பாற்றியது. ஜாக்கை, பூ தொடுக்கிற நாரில் கட்டி வெளியிலிருந்து இழுத்தோம்.

ஒரு ஒயர் பற்றவைக்க வேண்டியது பாக்கி. அதற்குள் அஷ்டமி சாயங்காலம் வந்துவிட்டது. அம்மா புஸ்தகங்களோடு கிதாரையும் பூஜையில் வைத்துவிட்டாள், திறந்த வயிற்றோடு. கூடவே சால்டரிங் அயர்னுக்கும் சந்தனம், குங்குமம். “ஆயுதம்னா ஆயுதம்தான். விஜயதசமி வரைக்கும் தொடப்படாது.”

தொட ஒன்றும் இல்லாமல் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிக்குப் போனேன். அங்கே நாதம் நன்றாகப் பரவுவதற்காகக் கூரையில் மண்குடங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பேட்டரி கிடையாது, கசிவும் கிடையாது. அங்கே கைதட்டும் வழக்கமும் இல்லை. நான் மேடையேறினால் அப்படிப்பட்ட இடமாகத்தான் ஏறவேண்டும்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்து, ஒயரைப் பற்றவைத்து, செருகினோம். கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தேன். என் பூணூலில் கோத்திருந்த அலமாரிச் சாவி கிதாரில் பட்டு, ஆம்ப்ளிஃபயரில் கோயில் மணி மாதிரி ஒலித்தது. பியஸோவுக்கு அவ்வளவு கூர்மையான காது. சாவியை அவிழ்த்து வைத்துவிட்டு ‘இளைய நிலா’வை ஆரம்பித்தேன். நாலாவது சுரத்தில் விரல் தடுக்கியது, துல்லியமாக, பளிங்கு மாதிரி, தெரு முழுக்க. வழக்கம்போல் பெட்டியைத் தட்டினேன். தட்டினதும் துல்லியமாகக் கேட்டது.

மறுநாள் பிராகாரத்தில் மாமி ஒன்றும் விசாரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பழைய பெட்டியைத் தேடினேன். அம்மா அதைப் பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரரிடம் போட்டுவிட்டாளாம். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1980-களின் ப்ரீஆம்ப் எவரிடமாவது சும்மா கிடந்தால் தெரிவிக்கவும், நல்ல விலை தருகிறேன். நன்றாக வேலை செய்கிறது வேண்டாம். கொஞ்சமாவது கரகரக்க வேண்டும்.