பத்து சென்டிமீட்டர் குறைகிறதாம்!

இந்த வாரமும் ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. “தண்டவாளம் கொஞ்சம் ஒடுக்கமா இருக்கே சார், நெஜ அளவுக்குக் கணக்குப் போட்டா பத்து சென்டிமீட்டர் உதைக்குதே?” என்று. திருத்தம் சொல்கிறவர்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அடுத்த வீட்டு வாசற்படி ஒரு விரற்கடை உயரம் என்று சொல்லக் கிளம்பிவிடுவார்கள். ‘என்’ கேஜ் என்னும் சின்ன அளவில் பிரிட்டிஷ் மாடல் ரயில் கட்டிக்கொண்டிருக்கும் நமக்குத்தான் ராத்தூக்கம் போகும். அவர்கள் போடும் கணக்கு சரி என்பது எரிச்சலில் பாதி. அதைச் செஞ்சியில் நின்று சொல்கிறார்கள் என்பது மீதிப் பாதி. ரயிலே வராத ஊரில், ரயில் பத்து சென்டிமீட்டர் குறைகிறது என்று சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். என் வாதம் ஒன்றே ஒன்று: அகலம் பிசகி ஓடுகிற ரயில், அகலம் பிசகாமல் காகிதத்தில் கிடக்கிற ரயிலைவிட மேல். ‘அதற்கு ஏன் பிரிட்டிஷ் ரயில், நம்ம ஊர் ரயில் ஆகாதா?’ என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது; கடைசியில் வருகிறேன்.

முதலில் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் நிஜத் தண்டவாளத்துக்கு அகலம் 1435 மில்லிமீட்டர். நம் மாடலின் அளவு 1:148. ஆக, அதை 148-ஆல் வகுத்தால் 9.7 வர வேண்டும், நம்முடையது 9. ஆக 148-ஆல் பெருக்கிப் பார்க்கிறவர் கையில் 1332 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். இந்தப் பிசகு கைத்தவறுதலால் வந்ததல்ல. ஜெர்மனியின் ஆர்னால்ட் கம்பெனி 1960களின் தொடக்கத்தில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ரயில் விட்டபோது, ஐரோப்பியர்கள் 1:160 என்று வைத்துக்கொண்டார்கள். அது கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தியது. பிரிட்டிஷ்காரன் பாடுதான் திண்டாட்டம். உலகத்துக்கு முன்னால் ரயில் விட்டவன் ஆதலால், அவனுடைய சுரங்கங்களும் பாலங்களும் சின்னவை. அதற்குள் நுழையும் எஞ்சினும் ஒல்லி. அந்த ஒல்லி எஞ்சினை 1:160க்குச் சுருக்கினால் அன்றைய மோட்டார் அதன் வயிற்றுக்குள் போகாது. ஆகவே எஞ்சினை மட்டும் கொஞ்சம் ஊதிவிட்டு, தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். இதே வேலையை அதற்கு முன்பே ‘டபுள் ஓ’ அளவிலும் செய்திருந்தார்கள். 1:76 எஞ்சின் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிறது. அங்கே குறைவது ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். பிரிட்டன் நாடே பல தலைமுறையாக அந்தப் பதினெட்டை மடியில் கட்டிக்கொண்டு விளையாடுகிறது. பத்துக்குப் பஞ்சாயத்து வைக்கிறவர்கள் அந்தப் பதினெட்டைக் கேட்டுவிட்டு வரட்டும்.

இனி செஞ்சிக்கு வருவோம். கிழக்கே திண்டிவனத்தில் ரயில் உண்டு, மேற்கே திருவண்ணாமலையில் உண்டு, நடுவில் நாம். இரண்டையும் செஞ்சி வழியாக இணைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. பிறகு நிலம் எடுப்பதில் நின்றது, நிதியில் நின்றது, நின்றதிலேயே நின்றது. நடுவில் சில ஆண்டு கோடிகளில் எழுதினார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் 2020-21இல் திட்டங்களுக்கான ஒதுக்கீட்டைப் பட்டியலிடும் ரயில்வேயின் பிங்க் புத்தகத்தில் இந்தப் பாதைக்கு நேரே இருந்த தொகை ஆயிரம் ரூபாய். திட்டம் ஏட்டில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக வைக்கும் பெயரளவுத் தொகை அது என்று விளக்கம் சொல்வார்கள்; விளக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆயிரத்தை எடுத்துக்கொண்டு ‘என்’ கேஜ் கடைக்குப் போனால் ஒரு சரக்கு வேகன்கூட வாராது. எஞ்சின் பக்கம் கண்ணாலும் பார்க்க முடியாது. அந்த ஓராண்டில் செஞ்சியில் எவராவது ஒரு பிரிட்டிஷ் எஞ்சினைச் சுங்கவரி கட்டி வரவழைத்திருந்தால், இந்த ஊரின் ரயில் வளர்ச்சிக்கு அதிகம் செலவழித்தவர் அவர்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை நம்முடையது. உலகமே வரலாம், பஸ்ஸில்.

இப்போது 148-ஆல் வகுப்பதன் அருமையைச் சொல்லியாக வேண்டும். பழகிவிட்டால் இந்தப் பழக்கம் விடாது. எழுபது கிலோமீட்டரை வகுத்தால் 473 மீட்டர். ஒரு கஜம் நீளத் தண்டவாளத் துண்டுகள் 518 வாங்கினால் திண்டிவனம் - திருவண்ணாமலைப் பாதை தயார்; நிலம் எடுக்க வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம், தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வேகத்தையும் வகுத்து, நிஜத்தில் மணிக்கு 80 என்ற கணக்கில் வண்டியை விட்டால் 53 நிமிடத்தில் அண்ணாமலையார் ஊர். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி. வகுத்தால் ஐந்தடி ஐந்தங்குலம், நின்றபடியே உச்சிக்கு வர்ணம் பூசலாம். கோட்டை மதில் சுமார் 13 கிலோமீட்டர் சுற்று. வகுத்தால் 88 மீட்டர். தேசிங்கு ராஜாவின் குதிரை ஒரு சென்டிமீட்டர். அதன் கடிவாளத்துக்கு ஒற்றை மயிர்த் தூரிகையும் தடிமன்தான். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த ‘மல்லார்ட்’, நம் மேஜைமேல் 1.4 கிலோமீட்டர் வேகத்தில் அதே சாதனையைச் செய்துவிடும். எறும்பு அதிர்ந்து போகும். காலத்தை வகுக்கக் கூடாது என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வகுத்துத்தான் பார்ப்போமே. மராட்டிய மன்னர் ராஜாராமை உள்ளே வைத்து 1690 முதல் 1698 வரை மொகலாயர்கள் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ரயிலுக்காக நாம் காத்திருப்பதை இருபது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 49 நாள். ஒரு மண்டலம் விரதம் முடிந்து ஒரு நாள்தான் கூட! மலைக்கு மாலை போட்டவன்கூட இதற்குள் இறக்கியிருப்பான். ஒதுக்கிய ஆயிரத்தை வகுத்தால் ஆறே முக்கால் ரூபாய். அதற்கு டீ வராது. வகுக்காத ஆயிரத்துக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்காதீர்கள், அது அரசியல்.

‘இல்லாத ஊருக்கு இல்லாத ரயில் கட்டுவது பொழுதைக் கொல்லும் வேலை’ என்பது அடுத்த ஆட்சேபம். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் இருக்கிற ரயிலைக் கட்டுகிறார்கள்? 1963இல் பீச்சிங் என்ற அதிகாரி கொடுத்த அறிக்கை பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. பெரும்பாலானவற்றை மூடியும் விட்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் வீட்டு மாடியிலும் கார் ஷெட்டிலும் ஆசையாகக் கட்டப்படுவது பெரும்பாலும் அந்த மூடிய கிளைப் பாதைகள்தான்: ஒற்றைப் பிளாட்பாரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு பெட்டி. அவர்கள் போன ரயிலைக் கட்டுகிறார்கள்; நாம் வராத ரயிலுக்குப் பதில் அதையே கட்டுகிறோம். இரண்டு தரப்பு மேஜையிலும் ஓடுவது டைம்டேபிளில் இல்லாத வண்டி. இதில் அவர்களுடையது மரபு, நம்முடையது பைத்தியம் என்று பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

‘துல்லியம் முக்கியமென்றால் அதற்கும் வழி இருக்கிறதே’ என்று இன்னொரு கட்சி உண்டு. இருக்கிறது, தெரியும். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்காரர்கள் 1960இலேயே சங்கம் வைத்து, 1:152க்கு 9.42 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டு, கணக்கை மயிரிழை பிசகாமல் சரிக்கட்டிவிட்டார்கள். அவர்களை வணங்குகிறேன். அதைச் செய்ய ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, விளிம்பு மெல்லிய வேறு சக்கரம் மாட்ட வேண்டும். செஞ்சியின் சித்திரை வெயிலில் மாட்டிப் பார்க்கட்டும். ஃபேன் போட்டால் இடுக்கியிலிருக்கும் கைப்பிடிக் கம்பி பறந்து போகும். நிறுத்தினால் நெற்றி வியர்வை நேராக எஞ்சின் புகைபோக்கிக்குள் இறங்கும். ஃபேனை ஒன்றில் வைக்கலாமே என்பார்கள். ஒன்றில் வைத்தால் இரண்டும் நடக்கும். பாறைத் தூசி தண்டவாளத்தில் படிந்துகொண்டே இருப்பதால், நான்கு சக்கரச் சின்ன எஞ்சின் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் விக்கித்து நிற்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் இரண்டடி நகர்ந்து, யோசித்து, மறுபடி நிற்கும். இதையெல்லாம் பார்த்தும் பத்து சென்டிமீட்டர் மட்டுமே கண்ணில் பட்டதென்றால், அது கண்ணின் கோளாறு. மாடலின் நிஜமான அசிங்கம் கொக்கியில் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி மாட்டும் அந்த ரபீடோ கொக்கியை 148-ஆல் பெருக்கிப் பார்த்தால் நிஜப் பயணி ஏறி உட்கார்ந்து வரலாம். இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி குறுக்கே போகலாம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் நானும் சேர்ந்து திட்டத் தயாராகத்தான் இருக்கிறேன்.

கடைசியில், ஏன் நம்ம ஊர் ரயில் ஆகாது? அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதை இதே 9 மில்லிமீட்டரில் ஓட்டினால் குறைவது பத்தல்ல, முப்பத்து நான்கு சென்டிமீட்டர். ஒரு அடிக்கு மேல். பத்துக்கே இந்தப் பாடு என்றால் முப்பத்து நான்குக்கு ஊரை விட்டே போக வேண்டியதுதான். சரியாகச் செய்வதென்றால் 11.3 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அது கடையில் கிடைக்காது, கட்டை கட்டையாகக் கையால் பற்றவைக்க வேண்டும். நம் முக்கிய ரயில் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1660 கான்கிரீட் கட்டை என்பது கணக்கு. எழுபது கிலோமீட்டருக்கு 1,16,200. செஞ்சிக்கு ரயில் வரட்டும், அன்றே பிரிட்டிஷ் எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அந்த வேலையைத் தொடங்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாடலில் ஒரு கட்டை குறைந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. திருத்தம் சொல்கிறவர்கள் திண்டிவனம் முனையிலிருந்து குனிந்தபடி எண்ணத் தொடங்கட்டும். திருவண்ணாமலை போய்ச் சேரும்வரையாவது நம் மேஜைப் பக்கம் வர மாட்டார்கள்.